பிரெட்டில் பூசணம்: காற்றுப் பரிசோதனை எண்ணைப் பார்த்து ஆளை நிறுத்தலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மாமனார் தொடங்கிய பேக்கரி யூனிட்டை நான்கு வருடமாக அவர்தான் கவனித்துக்கொள்கிறார். 14 பேர் வேலை செய்கிறார்கள். கோதுமை பிரெட், ராகி பிரெட், பன், ரஸ்க் போட்டுக் கடைகளுக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கும் அனுப்புகிறார்கள். ஆனி மாதக் கடைசியிலிருந்து பிரெட் பாக்கெட்டுகள் பூசணம் பூத்துத் திரும்பி வருகின்றன. ஐந்து நாள் தாங்க வேண்டிய பிரெட்டில் மூன்றாம் நாளே பச்சைப் புள்ளி.

சூப்பர் மார்க்கெட்காரர்கள் காற்றுப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்டார்கள். உள்ளூர் லேப் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வந்து பிரெட்டைப் பையில் போடும் பேக்கிங் அறையில் 15 நிமிடம், நுண்ணுயிர் வளர்க்கும் தட்டைத் திறந்து வைத்துப் பார்த்தது. 2 காலனி (தட்டில் வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் நுண்ணுயிர்த் திட்டு), 'திருப்திகரம்' என்று எழுதிக் கொடுத்தது. வாங்குபவர்களுக்கு அது போதவில்லை. அடுத்து வந்த ஆலோசகர் புதன்கிழமை மெஷின் வைத்துக் காற்றை இழுத்துப் பார்த்தார். கன மீட்டர் காற்றுக்கு 640 காலனி, வரம்பு 100, 'ஃபெயில்' என்று எழுதினார். கூடவே ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் காற்று வடிகட்டி) போட 18 லட்சத்துக்குக் கொட்டேஷன். அந்த 640 வந்தது ஒரு குறிப்பிட்ட பேக்கிங் மேஜையில். அங்கே ஏழு வருடமாக வேலை செய்யும் பெண்ணுக்குச் சில மாதமாக இருமல். "அவள் மூலமாகத்தான் வருகிறது, நிறுத்திவிடு" என்கிறார் மாமனார். "எனக்கு மனசு வரவில்லை, ஆனால் எண் அப்படித்தானே சொல்கிறது" என்று எழுதுகிறார் சகோதரி. எந்த ரிப்போர்ட் சரி, ஹெப்பா வேண்டுமா, கிருமியைக் கொல்ல ஃபார்மலின் புகை போடலாமா, லைசென்ஸ் போய்விடுமா, அந்தப் பெண்ணை நிறுத்தலாமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். நிறுத்தாதீர்கள். பிரெட்டில் பூக்கும் பச்சைப் பூசணம் ஒருவரின் இருமலிலிருந்து வருவதில்லை. மனிதர்கள் காற்றில் விடுவது பெரும்பாலும் பாக்டீரியாக்கள்தான்: தோலிலிருந்து உதிர்பவை, மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவை. கையுறை, வாய்மூடி, கை கழுவுதல் எல்லாம் அவற்றுக்காகத்தான். பச்சையாகப் பூப்பது பெனிசிலியம், ஆஸ்பெர்ஜிலஸ் வகைப் பூஞ்சைகள். ஈரமான சுவர், மாவுத் தூசி, பழைய பிரெட் துகள், நனைந்த அட்டை, குளிர்விக்கும் கருவிகளின் ஈரம் ஆகியவைதான் அவை வளரும் இடம். ஒருவரின் துணியில் ஒட்டிக்கொண்டு வரலாம் என்பது உண்மை. ஆனால் அது உங்கள் துணிக்கும் மாமனாரின் துணிக்கும் பொருந்தும்.

ஒரு மேஜையில் அதிக எண் வந்தால், அந்த இடத்துக்கு வரும் காற்றில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே யார் நிற்கிறார் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சித்திரை வெயிலுக்குப் பேக்கிங் அறை ஜன்னலில் பெரிய ஏர் கூலர் வைத்தோம், அது இந்த மேஜைக்கு நேராக வீசுவதால் அவளுக்குக் கொஞ்சம் சௌகரியம் என்று. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதைப் பிறகு பேசுகிறேன்.

இருமலைப் பற்றி இன்னொன்று. பேக்கரி வேலையாட்களுக்கு மாவுத் தூசியால் ஆஸ்துமா வருவது மிகப் பழைய செய்தி. தொழில் நோய்களைப் பற்றி 1700-ல் புத்தகம் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, மாவுத் தூசியால் ரொட்டி சுடுபவர்கள் படும் மூச்சுத் தொல்லையை அப்போதே விவரித்திருக்கிறார். இன்று மாவு மட்டுமல்ல, பிரெட் இம்ப்ரூவரில் சேர்க்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்சைமும் அந்த ஒவ்வாமையை உண்டாக்கும் என்று தெரியும். அந்தப் பெண் உங்கள் பேக்கரியை நோயாக்கவில்லை, உங்கள் பேக்கரிக் காற்று அவளை நோயாக்கியிருக்கலாம். லீவு நாளில் இருமல் குறைகிறதா, வேலைக்கு வந்ததும் கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். காசநோய் இல்லை என்பதையும் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். உணவைக் கையாளும் எல்லோருக்கும் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. ஒருவருக்குத் தொற்று நோய் இருந்தால் குணமாகும்வரை உணவைத் தொடாத வேலைக்கு மாற்றுவதுதான் முறை. சந்தேகத்தின் பேரில் வீட்டுக்கு அனுப்புவது முறையல்ல.

இரண்டு ரிப்போர்ட்டும் என்ன சொல்கின்றன?

'2 என்றால் பாஸ், 640 என்றால் ஃபெயில், ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்' என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. இரண்டும் வெவ்வேறு அளவைகள். ஒன்று படியில் அளந்தது, மற்றது தராசில் நிறுத்தது மாதிரி.

லேப்காரர் வைத்தது சாதாரண 90 மில்லிமீட்டர் தட்டு. அதன் பரப்பு சுமார் 64 சதுர சென்டிமீட்டர். தானாக வந்து விழுவதை மட்டும் அது பிடிக்கும். பூஞ்சை வித்து (பூஞ்சை பரவ உதவும் விதை போன்ற துகள்) ஒன்று சுமார் 3 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு, என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாத காற்றில் அது இறங்கும் வேகம் மணிக்கு ஒரு மீட்டர் அளவுதான். அப்படியானால் 15 நிமிடத்தில், தட்டுக்கு மேலே கால் மீட்டர் உயரத்துக்குள் இருந்த வித்துகள் மட்டுமே தட்டுக்கு வந்து சேரும். அந்தக் காற்றின் அளவு ஒன்றரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. கன மீட்டருக்கு 640 என்றால் ஒரு லிட்டருக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆக 640 வந்த அதே காற்றில் அந்தத் தட்டை வைத்திருந்தால் ஒன்றோ இரண்டோ காலனிதான் வந்திருக்கும்! நடைமுறையில் காற்று அசையும், வித்துகள் மாவுத் தூசியோடு ஒட்டிக் கனமாகி வேகமாக விழும், அதனால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் 'திருப்திகரம்' என்ற ரிப்போர்ட்டும் 'ஃபெயில்' என்ற ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் காற்றைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

2 என்பதைச் சின்ன எண் என்றும் நினைத்துவிட வேண்டாம். உங்கள் பிரெட் சுமார் இரண்டரை மணி நேரம் ரேக்கில் ஆறுகிறது. அது பத்துக் கால் மணி நேரம். ஒரு பிரெட்டின் மேற்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் அது மூன்று தட்டுக்குச் சமம். அந்த 2 காலனியும் பூஞ்சையாக இருந்திருந்தால், ஒவ்வொரு பிரெட்டின் மேலும் அறுபது வித்து விழுந்திருக்கும்.

ஆனால் அவை பூஞ்சையாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலைப் பார்த்தேன். '37 டிகிரி, 48 மணி நேரம், மொத்தப் பாக்டீரியா எண்ணிக்கை' என்று இருக்கிறது. பிரெட்டில் வரும் பூஞ்சைகளைப் பார்க்க வேண்டுமானால் அவற்றுக்கான அகாரில் (நுண்ணுயிர் வளர்க்கும் ஜெல்லி போன்ற சத்துப் பொருள்), 25 டிகிரி வாக்கில், ஐந்து நாள் வளர்க்க வேண்டும். அந்த லேப் உங்கள் பிரச்சனையைத் தேடவே இல்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, மெஷின் ஓடாத, ஆள் நடமாடாத, கூலர் போடாத அறையில்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். முதல் வேலை ஒரு பால் பண்ணை லேபில். திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன், எல்லாம் கழுவித் துடைத்த அறையில் தட்டு வைப்பேன். எண்கள் அழகாக வரும். தயிர்க் கப்புகளோ பூசணம் பூத்துத் திரும்பிக்கொண்டே இருந்தன. பேக்கிங் மெஷின் ஓட்டும் பெரியவர் ஒருநாள், "மேடம், மெஷின் ஓடும்போது, கப் திறந்திருக்கும் இடத்துல வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். அந்தத் தட்டு முழுக்கப் பூஞ்சை. மெஷினுக்கு நேர் மேலே இருந்த குளிர்சாதனக் குழாயின் வாயில் கறுப்பாகப் படிந்திருந்ததை அதற்குப் பிறகுதான் தலை நிமிர்ந்து பார்த்தோம்.

இனி ஆலோசகரின் 640. அவர் வைத்தது போன்ற மெஷின் நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை இழுக்கும். 100 லிட்டர்தான் எடுத்திருக்கிறார் என்றால், தட்டில் 64 காலனி வந்து, அதைப் பத்தால் பெருக்கி 640 ஆக்கியிருக்கிறார். அதாவது ஒரே ஒரு நிமிடத்தின் படம் அது. அந்த நிமிடத்தில் யாராவது கதவைத் திறந்திருந்தால் எண் மாறும். எத்தனை லிட்டர், எத்தனை முறை, எந்த அகார், அதில் பூஞ்சை எவ்வளவு, பாக்டீரியா எவ்வளவு என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

'வரம்பு 100' எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்து உற்பத்தி வழிகாட்டியில், கிருமி நீக்கிய மருந்துகளுக்கான இணைப்பு 1-ல், 'சி' தர அறைக்குக் கன மீட்டருக்கு 100, 'டி' தர அறைக்கு 200 என்று இருக்கிறது. ஊசி மருந்து தயாரிக்கும் இடத்துக்கான அளவுகோல் அது. மாவும் ஈஸ்ட்டும் புழங்கும் பேக்கரிக்கு அதைக் கொண்டுவந்து வைத்தால் எந்தப் பேக்கரியும் தேறாது. உங்களை ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்தார் என நான் சொல்லவில்லை. மருந்துத் துறையிலிருந்து வந்தவர்கள் பழக்கத்தில் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

பூசணம் எங்கிருந்து வருகிறது?

இதை மனதில் வையுங்கள்: அடுப்பிலிருந்து வெளியே வரும் நிமிடத்தில் பிரெட்டில் உயிருள்ள பூஞ்சை கிடையாது. அந்தச் சூட்டில் பூஞ்சை வித்துகள் செத்துவிடும். பிறகு ஆறும்போது, வெட்டும்போது, பையில் போடும்போதுதான் புதிதாக வந்து ஒட்டுகின்றன. ஆக உங்கள் பிரச்சனை அடுப்புக்கும் சீல் போடும் மெஷினுக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்று மணி நேரம். (பிரெட்டின் உள்ளே பிசுபிசுத்து நூல் நூலாக இழுத்து, அழுகிய பழ வாசனை வந்தால் அது வேறு கதை. அது சூட்டில் சாகாத பேசில்லஸ் வகைப் பாக்டீரியா, மாவிலிருந்து வருவது. நீங்கள் எழுதியது பச்சைப் புள்ளி, அதனால் அது இல்லை.)

முதல் சந்தேகம் அந்த ஏர் கூலர். அதன் வேலையே வெளிக்காற்றை நனைந்த பேட் வழியாக இழுத்து உள்ளே தள்ளுவதுதான். ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் எவ்வளவு மண் பறக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தூசி ஈரமான பேட்டில் படிகிறது, தொட்டித் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. போதாக்குறைக்கு அறையின் ஈரப்பதத்தையும் அது கூட்டுகிறது. கூலரைச் சித்திரையில் வைத்தீர்கள், ஆனிக் கடைசியில் ரிட்டர்ன் கூடியது. இது நிரூபணம் இல்லை. ஆனால் நிரூபிக்க வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, ரிட்டர்ன். பூத்த பாக்கெட்டுகளைப் பேக்கிங் அறையின் மூலையில் கொட்டி, எண்ணி, கிரெடிட் நோட் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. பச்சையாகப் பூத்த ஒரு துண்டு பிரெட்டில் இருக்கும் வித்துகள் லட்சக்கணக்கில். கிழிந்த பாக்கெட்டைத் தூக்கி இன்னொரு பெட்டியில் போடும்போது எழும் அந்த மெல்லிய புகை மாதிரியான தூசி முழுக்க வித்துதான். ஒரு வித்து தலை உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை ஒன்பது மணிக்கு ரிட்டர்ன் எண்ணினால், பத்து மணிக்கு வெட்டும் பிரெட்டின் மேல் அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளையிலிருந்து ரிட்டர்ன் வண்டி பேக்கிங் பக்கமே வரக்கூடாது. வெளியே தனி இடத்தில், பாக்கெட்டைத் திறக்காமல் எண்ணி, அன்றே அப்புறப்படுத்துங்கள். அதை எண்ணியவர் உடை மாற்றாமல் பேக்கிங்குக்கு வரக்கூடாது. பூத்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ரஸ்க்காகவோ தூளாகவோ மாற்றும் பழக்கம் எங்காவது இருந்தால் உடனே நிறுத்துங்கள். பூஞ்சை சூட்டில் சாகும், சில பூஞ்சைகள் விட்டுப்போகும் நஞ்சு சாகாது.

மூன்றாவது, ஸ்லைசரைச் சுத்தம் செய்யக் கம்ப்ரஸர் குழாயால் ஊதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஊதினால் மெஷின் சுத்தமாகத் தெரியும், துகளும் வித்தும் அறை முழுக்கப் பரவும். பிரஷ்ஷும் வேக்குவம் கிளீனரும் வைத்துக்கொள்ளுங்கள். பிளேடுகளுக்கு அடியில் சேரும் துகளைத் தினமும் எடுங்கள். தரையை வேலை நேரத்தில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். மைதா சலிக்கும் இடத்துக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் கதவு மூடியிருக்க வேண்டும்.

அப்புறம், பிரெட்டைச் சூடாகவே பையில் போடுகிறார்களா என்று ஒருநாள் நீங்களே நின்று பாருங்கள். பையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தால், கொஞ்சமே விழுந்த வித்துகூடச் சீக்கிரம் முளைக்கும். நடுப்பகுதி 35 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு வெட்டுவது நல்லது. ஆர்டர் நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பழக்கம்தான்.

தட்டு வைப்பது எப்படி?

லூயி பாஸ்டர் 1860-ல் கொதிக்கவைத்த சத்துநீர்க் குடுவைகளை இருபது இருபதாக எடுத்துக்கொண்டு போய் வெவ்வேறு இடத்தில் திறந்து மூடினார். கிராமப்புறத்தில் 8 கெட்டன, மலை மேல் 5, பனிமலையில் 1. காற்றில் நுண்ணுயிர் எங்கும் ஒரே மாதிரி இல்லை என்பதை அப்படித்தான் காட்டினார். நீங்கள் உங்கள் பேக்கரிக்குள் செய்யப் போவதும் அதையேதான்.

ஐந்தாறு இடம் தேர்ந்தெடுங்கள்: ஆறும் ரேக், ஸ்லைசர் வாய், அந்தப் பேக்கிங் மேஜை, கூலருக்கு எதிர்ப்பக்க மேஜை, மாவு சலிக்கும் இடத்துக் கதவு, கூலர் ஜன்னலுக்கு வெளியே ஒன்று. பிரெட் எந்த உயரத்தில் திறந்திருக்கிறதோ அந்த உயரத்தில் தட்டு இருக்க வேண்டும். ஒரு நாள் வழக்கம்போல் கூலர் போட்டு, மறுநாள் அதே மணிக்கு, அதே ஆட்களோடு, கூலரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து. மூன்று ஜோடி நாட்கள் இப்படிச் செய்யுங்கள். அந்த நாட்களில் அந்தப் பெண்ணும் இன்னொருவரும் மேஜையை மாற்றிக்கொள்ளட்டும், அவளைச் சோதிப்பதாகச் சொல்லி அல்ல, இயல்பாக. கூலரோடு எண் ஏறி இறங்குகிறதா, ஆளோடு ஏறி இறங்குகிறதா என்று உங்கள் மாமனாரே நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

அகார் தட்டை லேபிலிருந்து வாங்குங்கள். பூஞ்சைக்கு ரோஸ் பெங்கால் குளோராம்ஃபெனிகால் அகார் கேளுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும். அதை வெளிச்சத்தில் விட்டுவைத்தால் அதிலுள்ள சாயமே பூஞ்சையைத் தடுக்கும் பொருளாக மாறி எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும், அதனால் கறுப்புப் பையில் சுற்றியே வைக்க வேண்டும். தட்டின் மேல் கையை நீட்டாமல் பக்கவாட்டில் மூடியைத் திறந்து, மூடியைச் சுத்தமான தாளில் கவிழ்த்து வையுங்கள். 15 நிமிடம் கடிகாரம் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டைத் திறக்காமலே கூட வைத்திருந்து திருப்பி அனுப்புங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் அன்றைய எண் எதையும் நம்ப வேண்டாம். இடம், மணி, என்ன ஓடியது, எந்தக் கதவு திறந்திருந்தது, கூலர் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை. வளர்ந்த தட்டைப் பேக்கரிக்குள் கொண்டுவரவும் வேண்டாம், மூடியைத் திறக்கவும் வேண்டாம். லேபிலேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது என்.ஏ.பி.எல். சான்று (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகாரம்) இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அந்தச் சான்றின் பட்டியலில் காற்றுப் பரிசோதனை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு காற்றுக்கும் ரிப்போர்ட் தருபவர்கள் உண்டு.

இந்தச் சோதனை முடிந்த பிறகு, வாரம் ஒருமுறை மூன்று இடத்தில் வைத்தால் போதும். ரிட்டர்ன் குறைந்து எல்லாம் ஒழுங்காக ஓடும் இரண்டு மூன்று மாதத்தின் எண்களைச் சேருங்கள். இருபது முறையில் ஒருமுறை மட்டும் தாண்டும் அளவு எதுவோ அதுதான் உங்கள் எச்சரிக்கைக் கோடு. ஒருமுறை தாண்டினால் பதறாமல் காரணம் தேடுங்கள். தொடர்ந்து இரண்டுமுறை தாண்டினால் சுத்தம் செய்து, மறுபடி வைத்து, ரிட்டர்ன் நோட்டோடு ஒப்பிடுங்கள். மழைக்காலத்துக்குத் தனிக்கோடு தேவைப்படலாம்.

காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வேலை இல்லாத நேரத்தில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, மாவு அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து, இடுக்கில் பிடியுங்கள். புகை பேக்கிங் அறைப் பக்கம் சாய்ந்தால், மாவுத் தூசியும் அந்த வழிதான் போகிறது.

ஹெப்பாவும் ஃபார்மலினும்

18 லட்சத்தை இப்போது செலவழிக்க வேண்டாம். ஹெப்பா மோசம் என்பதல்ல. பூஞ்சை வித்துகள் 2 முதல் 5 மைக்ரான் வரை இருப்பதால், அதைவிடச் சாதாரணமான நுண்ஃபில்டரே பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். ஃபில்டர் வழியாக வடிகட்டிய காற்றைப் பேக்கிங் அறைக்குள் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி, காற்று எப்போதும் உள்ளிருந்து வெளியே போகும்படி செய்தால் போதுமானது. கதவைச் செங்கல் வைத்துத் திறந்து வைத்திருக்கும் அறையில் ஹெப்பாவும் உதவாது. மூலையில் ரிட்டர்ன் கொட்டும் அறையிலும் உதவாது. மேலே சொன்னவற்றைச் செய்து இரண்டு மாத எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் ஒரு நல்ல குளிர்சாதனப் பொறியாளரிடம் பேசுங்கள்.

கூலரை எடுத்துவிட்டு ஆட்களை வெந்து சாக விடவும் கூடாது. அடுப்பு அறைச் சூட்டை அங்கேயே வெளியேற்ற ஒரு எக்ஸாஸ்ட், பேக்கிங் அறைக்கு ஒரு ஸ்பிளிட் ஏசி என்று யோசியுங்கள். ஏசியின் ஃபில்டரையும் நீர்த்தட்டையும் கழுவாவிட்டால் அதுவும் இன்னொரு கூலர்தான்.

ஃபார்மலின் புகை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து வகைப்படுத்தியிருக்கிறது. ஏற்கெனவே இருமும் ஒரு பெண் இருக்கும் அறை அது. யூவி விளக்கு, தன் ஒளி நேரடியாகப் படும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். மாவு படிந்த குழலில் அதுவும் இல்லை. கறுப்பு வித்துள்ள பூஞ்சைகள் அதை நன்றாகவே தாங்கும். ஆள் இருக்கும்போது எரிந்தால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து.

சட்டமும் சூப்பர் மார்க்கெட்டும்

2011-ம் வருட உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, அசுத்தமான பகுதியிலிருந்து சுத்தமான பகுதிக்குக் காற்று ஓடாதபடி காற்றோட்டம் அமைய வேண்டும் என்கிறது. காற்றில் இத்தனை நுண்ணுயிர்தான் இருக்கலாம் என்று அதில் எண் எதுவும் இல்லை. தனியார் ஆலோசகர் 'ஃபெயில்' என்று எழுதியதால் லைசென்ஸ் போகாது. அதிகாரி வந்து குறை கண்டால், 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ம் பிரிவின்படி முன்னேற்ற நோட்டீஸ் கொடுப்பார். சரிசெய்யக் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அதையும் செய்யாவிட்டால்தான் லைசென்ஸை நிறுத்தி வைப்பது, பிறகு ரத்து. பொதுமக்கள் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்றால் வேறு வேகமான வழிகள் உண்டு. சுகாதாரமற்ற முறையில் தயாரித்ததற்கு 56-ம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்த 640 அல்ல, பூத்த பிரெட் ஒரு வாடிக்கையாளர் கைக்குப் போவது. பிரச்சனை தீரும்வரை காலாவதித் தேதியை மூன்று நாளுக்கும் உள்ளே குறைத்துவிடுங்கள். கொஞ்சம் நஷ்டம் வரும், தாங்கிக்கொள்ளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்து, கூலர், ரிட்டர்ன், ஸ்லைசர் மூன்றிலும் என்ன மாற்றினீர்கள் என்று தேதியோடு சொல்லி, எட்டு வார எண்களை அனுப்புவதாக எழுதுங்கள். அவர்களது தரக் கட்டுப்பாட்டு ஆளுக்கு ஒற்றை 'பாஸ்' தாளைவிட இது பெரிய விஷயம். ஒப்பந்தத்தில் காற்றுக்கு எண் ஏதாவது குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எந்த முறையில் அளக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், தட்டா, மெஷினா என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தட்டு வைத்து ரிப்போர்ட் வர எப்படியும் ஒரு வாரம் ஆகும். அதற்காகக் காத்திருக்காமல் நாளைக் காலையே மூன்று வேலை செய்யுங்கள். கூலரை நிறுத்தி, பேட்டைக் கழற்றி வெளியே கொண்டுபோய் அதன் பின்பக்கத்தை மாமனாரிடம் காட்டுங்கள். சோதனை நாட்களுக்கு மட்டும் திரும்ப மாட்டலாம், அதுவரை கழுவ வேண்டாம், அந்த நாட்களில் போடும் பிரெட்டைக் கடைக்கு அனுப்பவும் வேண்டாம். ரிட்டர்ன் மூட்டைகளை அறையிலிருந்து வெளியேற்றுங்கள். 14 பேர் வேலை செய்யும் இடம் என்பதால் ஈ.எஸ்.ஐ. இருக்கும், அந்தப் பெண்ணை அங்கே அழைத்துப்போங்கள், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல். என்ன வேலை செய்கிறாள், என்னென்ன தூசி என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவளாகச் சொல்லத் தயங்குவாள்.